சட்டத்துறைத் தலைவரைத் தேர்தலில் நிறுத்தலாமா?



அண்மையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டுப்பணி நடைபெற்றது. புல் வெட்டி, கால்வாய் கழுவி, மூன்றாம் ஆண்டு வகுப்பறைக்குச் சாயம் பூசி முடித்துச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்தோம். தேநீரும் வடையும் வந்தன. ஊர்க்கதை நாட்டுக்கதையானது. லாரி ஓட்டும் தந்தை ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், அமெரிக்காவுல மாநிலத்துக்கு ஒரு சட்டத்துறைத் தலைவராம். மக்களே ஓட்டுப் போட்டுத்தான் உக்கார வைக்கிறாங்களாம். நம்ம நாட்டுல அப்படி இருந்தா இவங்க ஆட்டம் நடக்குமா?"

எதிரில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் உடனே மறுத்தார். "ஓட்டெல்லாம் வேண்டாம் தம்பி. நம்ம ஆளு ஒருத்தர் அந்த நாற்காலியில இருந்தா போதும்."

மேசையைச் சுற்றியிருந்தோரில் பாதிப்பேர் இவருக்கும் பாதிப்பேர் அவருக்கும் தலையசைத்தனர். எனக்கு இருவர் கருத்தும் உடன்பாடில்லை. அங்கே சொன்னால் வடை ஆறிவிடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன்.

முதலில், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆம் பிரிவின்படி, பிரதமரின் ஆலோசனையின் பேரில் மாமன்னர் சட்டத்துறைத் தலைவரை நியமிக்கிறார். அவருக்கு இரண்டு தொப்பிகள். ஒன்று, அரசாங்கத்திற்குச் சட்ட ஆலோசனை கூறும் வழக்கறிஞர் தொப்பி. மற்றொன்று, யார் மீது குற்றம் சாட்டலாம், எந்தக் குற்றத்தைச் சாட்டலாம், எந்த வழக்கைப் பாதியில் கைவிடலாம் என்று முடிவுசெய்யும் அரசு தரப்பு வழக்கறிஞர் தொப்பி. அமைச்சரவைக்கு ஆலோசனை சொல்பவரே, அதே அமைச்சரவையில் உள்ளவர் மீது வழக்குத் தொடுக்க வேண்டுமா என்றும் முடிவெடுப்பார். பிள்ளைக்குத் தனிவகுப்பு எடுக்கும் ஆசிரியரே அவனுடைய தேர்வுத் தாளையும் திருத்துவது போன்ற ஏற்பாடு இது. நம்மில் யாராவது அப்படிச் செய்தால் கல்வி இலாகா விட்டுவைக்குமா?

மாநில அளவிலும் ஒருவர் உண்டு. சிலாங்கூர் ஆட்சிக்குழுக் கூட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு மாநிலச் செயலாளர், மாநில நிதி அதிகாரி, மாநிலச் சட்ட ஆலோசகர் ஆகியோரும் பதவி வழியாக அமர்கின்றனர். அந்தச் சட்ட ஆலோசகர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர்; மந்திரி பெசார் தம் விருப்பப்படி கொண்டுவந்தவரும் அல்லர். கூட்டரசின் நீதி, சட்டத்துறைச் சேவையிலிருந்து வரும் அதிகாரி. 2008-க்கும் 2018-க்கும் இடையில் புத்ராஜெயாவில் ஓர் அணியும் ஷா ஆலாமில் மற்றோர் அணியும் ஆண்டபோதும் இதே நிலைதான்.

இது எங்கே போய் முடியும் என்பதைப் பேராக் காட்டியது. 2009-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்த வேளையில், சட்டமன்றத் தலைவர் வி. சிவகுமார் தம் சார்பில் வாதாடத் தாமே வழக்கறிஞர்களை அமர்த்திக்கொண்டார். ஈப்போ உயர்நீதிமன்றமோ, மாநிலச் சட்ட ஆலோசகர்தாம் அவருக்காக வாதாட வேண்டும் என்று மார்ச் மாதம் கூறிவிட்டது. எதிர்த்தரப்பின் பக்கம் நிற்கிறார் என்று யாரை ஐயுற்றாரோ அவரையே தம் வழக்கறிஞராக ஏற்க வேண்டிய நிலை! மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை என்பது ஆறுதல். ஆயினும் மே 7-ஆம் நாள் அவர் நாற்காலியிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டதை நாடே பார்த்தது.

ஆக, லாரி ஓட்டும் நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. அது 2007-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அப்போது பயிற்சிக் கல்லூரியை முடித்து வேலைக்கு வந்து நெடுநாள் ஆகவில்லை. நவம்பர் 23-ஆம் நாள், இண்ட்ராஃப் தலைவர்களான பொ. உதயகுமார், பொ. வேதமூர்த்தி, வி. கணபதிராவ் ஆகிய மூவர் மீதும் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் தேசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் பேசியது தமிழில். மூன்று நாள் கழித்து நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தமிழ்ப் பேச்சின் மூலம் குற்றச்சாட்டோடு முறைப்படி இணைக்கப்படவில்லை என்பது காரணம். தமிழாசிரியன் என்ற முறையில் அந்தச் செய்தியை நான் பலமுறை படித்தேன். ஒருவன் என்ன சொன்னான் என்பதை அவன் மொழியில் எடுத்துவைக்காமலே அவனைச் சிறைக்கு அனுப்பத் துணிந்த ஓர் அலுவலகம்! நம் மாணவன் மேற்கோளைத் தவறாக எழுதினாலே மதிப்பெண் குறைக்கிறோம்.

இடையில் வந்தது நவம்பர் 25. விடியற்காலையில் பத்துமலைக் கோயில் வளாகத்தில் நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை, நினைவுள்ளோர்க்கு நினைவிருக்கும். ரவாங்கிலிருந்து செலாயாங் வழியாக ஒரு பழைய சாலைதான். எங்கள் ஊரிலிருந்தும் சிலர் சென்றிருந்தனர். டிசம்பர் தொடக்கத்தில் 31 பேர் மீது ஷா ஆலாமில் கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டது. காவலர் ஒருவர் காயமுற்றார் என்பது வழக்கு. ஒருவர் காயத்திற்கு 31 பேரின் கொலை முயற்சி. அன்றைய சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் தாமே நேரில் தோன்றி, அவர்களுக்குப் பிணை தரக்கூடாது என்று வாதிட்டார். டிசம்பர் நடுவில் அந்தக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பெரும்பாலோர் சிறிய குற்றங்களை ஒப்புக்கொண்டனர்.

அந்த இடைப்பட்ட நாள்களில் பள்ளி விடுமுறை. மாணவன் ஒருவனைப் பட்டணத்துக் கடைவீதியில் பார்த்தேன். அவனுடைய சிற்றப்பா அன்று காலை பத்துமலைக்குப் போனவர். பிடிபடவில்லை, ஆனால் வீட்டில் தூங்கவும் இல்லை. "ஐயா, எங்க சித்தப்பா யாரையும் கொல்லப் போகலை, சாமி கும்பிடத்தான் போனாரு. அது அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். பதினொரு வயது. "தெரியும்" என்று பொய் சொன்னேன்.

இரண்டே வாரங்களில் கைவிடக்கூடிய ஒரு குற்றச்சாட்டு ஏன் சாட்டப்பட்டது? எந்தச் சான்றை வைத்து? பிறகு எது மாறியது? இந்தக் கேள்விகளை முழுமையாக வைத்துப் பதில் பெறும் இடம் அன்றும் இல்லை.

இதற்கு ஒரு பழைய தீர்ப்பும் துணை நிற்கிறது. 1974-இல் லோங் பின் சாமாட் என்பவர் தொடர்பான வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், சட்டத்துறைத் தலைவர் வழக்குத் தொடுப்பதும் விடுவதும் சாட்டும் குற்றத்தைக் குறைப்பதும் அவருடைய விருப்புரிமை என்றது. அதில் மனக்குறை உள்ளவர் வேறிடத்தில் பரிகாரம் தேடட்டும், நீதிமன்றத்தில் அன்று என்றும் கூறிவிட்டது. அண்மைக் காலத்தில் இந்தக் கதவு சற்றே திறந்திருக்கிறது. சுந்தர ராஜூ வழக்கில் 2021-இல் அதே நீதிமன்றம், அந்த விருப்புரிமை எல்லையற்றதன்று, மிக அரிதான நிலைகளில் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கலாம் என்றது. நல்லது. ஆனால் அரிதான நிலை என்பது, வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட முடிந்தவருக்கே எட்டும் நிலை. மற்றவர்க்கு 1974-இல் சொன்ன அந்த 'வேறிடம்' எது? ஐம்பதாண்டுகளாக யாரும் அதன் முகவரியைச் சொல்லவில்லை.

நண்பர் சொன்ன வாக்குப்பெட்டி, அந்த முகவரிக்கான ஒரு விடை. அதற்குரிய மதிப்பைக் கொடுத்துத்தான் மறுக்க வேண்டும். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 43-இல் மக்களே மாநிலச் சட்டத்துறைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஐந்தில் ஆளுநர் நியமிக்கிறார். மேய்ன் மாநிலத்தில் சட்டமன்றமும் டென்னசியில் அம்மாநில உச்சநீதிமன்றமும் தெரிவு செய்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆளுநருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆளுநர் ஒரு கட்சி, இவர் வேறு கட்சி என்றும் அமைவதுண்டு. அந்தச் சுதந்திரம் நற்பயன் தந்திருக்கிறது. 1994-இல் மிசிசிப்பி மாநிலத்தின் மைக் மூர், புகைத்து நோயுற்ற ஏழைகளுக்கு அரசு செலவிட்ட மருத்துவப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சிகரெட் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார். அம்மாநில ஆளுநரே அவரைத் தடுக்க முயன்றார், முடியவில்லை. 1998-இல் 46 மாநிலங்கள் அந்நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின் மதிப்பு 25 ஆண்டுகளில் 20,000 கோடி டாலருக்கும் மேல். நம் நாட்டில், ஒரு மாநிலச் சட்ட ஆலோசகர் மந்திரி பெசாரை மீறி ஒரு பெருநிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அண்மைச் செய்தியும் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர், அங்கே பிறக்கும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர்க்குப் பிறப்புவழிக் குடியுரிமை இல்லை என்று ஆணையிட்டார். தற்காலிக வேலை அனுமதியில் சென்ற தமிழ்ப் பெற்றோர் பலரின் வயிற்றைக் கலக்கிய ஆணை அது. மறுநாளே 22 மாநிலங்களின் சட்டத்துறைத் தலைவர்கள் நீதிமன்றப் படியேறினர். நண்பர் இதைத்தான் எங்கோ படித்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் படிக்காத பக்கம் ஒன்று உண்டு. அது ஒரு பள்ளிக்கூடத்தின் கதை. ஆதலால் சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்தருள்க.

வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில், கறுப்பின மாணவர்களுக்கென மோட்டன் உயர்நிலைப்பள்ளி இருந்தது. இடம் போதாமல், தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் பாடம் நடந்தது. (இதைப் படிக்கும் மூத்த ஆசிரியர் சிலர்க்குத் தோட்டப்புறப் பள்ளிகள் நினைவுக்கு வரலாம்.) 1951 ஏப்ரல் 23-ஆம் நாள், பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி தம் சக மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். அவர்கள் தொடங்கிய போராட்டம் வழக்காகி, நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்று, பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு எதிராக, பிரிவினைப் பள்ளிகளே தொடரட்டும் என்று உச்சநீதிமன்றத்தில் நின்று வாதாடியவர் யார்? வர்ஜீனியா மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சட்டத்துறைத் தலைவர் லின்சி ஆல்மண்ட்.

1954 மே 17-இல் பிள்ளைகள் வென்றனர். ஆல்மண்ட் தோற்றார். தோற்றவர் வீட்டுக்குப் போனாரா? 1957-இல் அதே மக்கள் அவரை ஆளுநராகவே தேர்ந்தெடுத்தனர்! 1958 செப்டம்பரில், கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு நீதிமன்றம் ஆணையிட்ட பள்ளிகளை அவர் இழுத்து மூடினார். நோர்ஃபோக் நகரில் மட்டும் ஏறக்குறைய பத்தாயிரம் மாணவர்கள் தெருவில் நின்றனர். 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு அவர் பணிந்தார். பார்பரா ஜான்ஸின் மாவட்டமோ பணியவில்லை. 1959 முதல் 1964 வரை, ஐந்தாண்டுகள், அரசுப் பள்ளிகள் அனைத்தையும் பூட்டிவைத்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறக்கப்பட்டது. முதலாம் ஆண்டில் சேர வேண்டிய கறுப்பினக் குழந்தைகள் பலர் ஆண்டுக்கணக்கில் பள்ளியில்லாமல் இருந்தனர்.

ஆல்மண்ட் வாக்காளர்க்குத் துரோகம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வாக்காளர் கேட்டதைத்தான் செய்தார். தலைவரி கட்டினால்தான் வாக்கு என்ற விதியால் கறுப்பினத்தவர் பலர் வாக்குச்சாவடிப் பக்கமே வர முடியாத மாநிலம் அது. வாக்குள்ளவர்க்கு அவர் மிக நேர்மையாகப் பதில் சொன்னார்.

எல்லாத் தேர்தலும் ஆல்மண்டைத்தான் தரும் என்று நான் சொல்லவில்லை. 1962-இல் கிடியன் என்ற ஏழைக் கைதியின் வழக்கில், புளோரிடா மாநிலம் மற்ற மாநிலங்களின் சட்டத்துறைத் தலைவர்களுக்கு ஆதரவு கேட்டு எழுதியது. மினசோட்டாவின் வால்டர் மாண்டேல் முன்நிற்க, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் புளோரிடாவைக் கைவிட்டுக் கைதியின் பக்கம் சேர்ந்தன. குற்றவியல் வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்ற சட்டம் அங்கே இப்படித்தான் பிறந்தது. மனிதரைப் பொறுத்தது என்பீர்கள். ஆம். ஆனால் 2020 டிசம்பரில், நான்கு மாநிலங்களின் அதிபர் தேர்தல் முடிவையே தள்ளிவைக்கக் கோரி டெக்சஸ் சட்டத்துறைத் தலைவர் வழக்குத் தொடுத்தபோது 17 மாநிலங்களின் தலைவர்கள் அவர் பின்னால் அணிவகுத்தனர். உச்சநீதிமன்றம் அதைச் சில நாள்களிலேயே தள்ளிவிட்டது. இவர்களுள் பெரும்பாலோரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நாம் இங்கே நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகள் 520-க்கும் மேற்பட்டவை. சில ஆண்டுகளுக்கு முன், தமிழையும் சீனத்தையும் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பிரதிவாதிகளுள் மலேசிய அரசாங்கமும் ஒன்று. ஆகவே சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் வழக்கறிஞர்கள் நம் பள்ளிகள் சட்டப்படியானவை என்று வாதாடினர். 2021 டிசம்பர் 29-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் நமக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; 2022-இல் கோத்தா பாரு உயர்நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே வழியில் நின்றன.

பெற்றோர்களே, அந்த அலுவலகத்தின் தலைவர் தேர்தலில் நின்று வென்றவராக இருந்தால்? "ஒரே பள்ளி" என்ற பதாகையின் கீழ் நாடு முழுதும் வாக்குக் கேட்டு வந்தவராக இருந்தால்? அவர் நமக்காக வாதாட ஆள் அனுப்பியிருப்பார் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்? நம் பிள்ளைகளின் பள்ளியைப் பெரும்பான்மை வாக்குக்கு விடுமாறு நாமே கேட்பது எனக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல்வாதியே சட்டத்துறைத் தலைவராக இருந்த காலமும் இங்கே இருந்தது. 1963 முதல் 1977 வரை அப்பதவியில் இருந்த அப்துல் காதிர் யூசோப், அதன் பிற்பகுதியில் அமைச்சராகவும் இருந்தார். அவர்க்குப் பின் வந்த ஹம்சா அபு சாமாவும் அமைச்சரே. 145-ஆம் பிரிவின் ஊதியம் பற்றிய வாசகம், சட்டத்துறைத் தலைவர் அமைச்சரவை உறுப்பினராக இருக்கக்கூடும் என்பதை இன்றும் எதிர்பார்த்தே நிற்கிறது. மேலே சொன்ன 1974-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அவர் காலத்தில்தான் வந்தது. அமைச்சர் மக்களுக்குப் பதில் சொல்பவர் அல்லவா? அவர் காலத்திலும் 'வேறிடம்' திறக்கவில்லை.

இனி, ஓய்வுபெற்ற எழுத்தர் ஐயாவின் "நம்ம ஆளு" கட்சி.

2018 ஜூனில் டோமி தோமஸ் சட்டத்துறைத் தலைவரானார். நெடுங்காலத்திற்குப் பிறகு அப்பதவிக்கு வந்த முஸ்லிம் அல்லாதவர். கேரள வழிவந்தவர் என்பதால் நம்மவர் பலர் அவரை நம் கணக்கில் சேர்த்துக்கொண்டனர். 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புபடுத்தி, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் சொஸ்மா சட்டத்தில் கைதாயினர். அவர் அலுவலகமே அவர்கள் மீது குற்றம் சாட்டியது. தீபாவளி அவர்களுக்குச் சிறையில் கழிந்தது. 2020 பிப்ரவரி 21-இல் அவரே 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம், பிப்ரவரி 28-இல், அரசாங்கம் கவிழ்ந்த கையோடு பதவி விலகினார்.

ஒரே வாரம்! அந்தக் கையெழுத்து எட்டு நாள் தாமதித்திருந்தால் அந்தப் பன்னிரண்டு குடும்பங்களின் கதி என்ன? யாருக்கும் தெரியாது. ஒருவர் பேனாவில் தொங்கிய விடுதலை அது. அதைக் கொண்டாடியவர்கள், அதே பேனா 2007-இல் என்ன எழுதியது என்பதை மறந்துவிட்டனர். கனி பட்டேலின் பேனாவும் வலிமையானதுதான். 2015 ஜூலையில், ஓய்வுபெற மூன்றே மாதம் இருக்கையில், உடல்நலம் என்ற காரணத்தைக் காட்டி அவரையே ஒரு நாளில் நாற்காலியிலிருந்து அகற்றினர். அப்போது 1எம்டிபி விசாரணை நடந்துகொண்டிருந்தது. அடுத்து வந்தவர் 2016 ஜனவரியில், பிரதமர் குற்றமேதும் செய்யவில்லை என்று கோப்புகளை மூடினார். 2018-இல் அடுத்த தலைவர் அதே மனிதர் மீது வழக்குத் தொடுத்தார். 2020 ஜூலையில் நீதிமன்றம் குற்றவாளி என்றது. சட்டம் மாறவில்லை, ஆள் மாறினார்.

டோமி தோமஸ் செய்ததில் நான் மதிப்பது வேறொன்று. அந்தப் பன்னிரண்டு பேரை ஏன் விடுவிக்கிறேன் என்பதை அவர் விரிவான அறிக்கையாக எழுத்தில் வெளியிட்டார். கைப்பேசியில் இருந்த படங்களையும் முகநூல் பதிவுகளையும் வைத்துத் தண்டனை பெற முடியும் என்று தாம் நம்பவில்லை என்றார். உடன்படாதவர்கள் அதைப் படித்து வரிக்கு வரி மறுக்க முடிந்தது, மறுத்தார்கள். அப்படி எழுதச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவராக எழுதினார். 2007-இல் யாரும் எழுதவில்லை.

என் வகுப்பறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களிடையே வகுப்புத் தலைவர் தேர்தல் நடத்தினேன். வாக்குச்சீட்டு, பெட்டி, எல்லாம் முறைப்படி. ஆசிரியர் இல்லாத வேளையில் பேசுவோர் பெயரை வெண்பலகையில் எழுதுவது தலைவன் வேலை. வகுப்பில் பெரும்பாலோர் ஒரே தாமானைச் சேர்ந்தவர்கள். நால்வர் மட்டும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருபவர்கள். மூன்று வாரத்தில் பலகையில் அந்த நால்வர் பெயரே மாறி மாறி வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவன் கெட்ட பிள்ளை அல்லன். அவனுக்கு வாக்களித்த நண்பர்கள் பேசியது அவன் காதில் விழவில்லை, அவ்வளவுதான். மாற்றி, நானே அடுக்குமாடிப் பிள்ளையைத் தலைவனாக்கினேன். என்ன ஆயிற்று? இப்போது வேறு பெயர்கள்.

பிறகு ஒரு சிறிய விதி வைத்தேன். பெயருக்குப் பக்கத்தில் என்ன செய்தான், எந்தப் பாட வேளையில் என்று எழுத வேண்டும். பெயர் வந்தவன் என் மேசைக்கு வந்து தலைவனிடமே கேட்கலாம். பட்டியல் பாதியானது. எழுதும்போதே அவன் யோசிக்கத் தொடங்கினான்.

சிலப்பதிகாரத்தை நாம் நடத்தும்போது பாண்டியனின் பிழையை மட்டுமே பிள்ளைகளிடம் சொல்லி வருகிறோம். ஆராயாமல் தண்டித்தான், உண்மை. ஆனால் தலைவிரி கோலமாய் வந்து நின்ற ஒரு வேற்று நாட்டுப் பெண்ணுக்கு அவனுடைய வாயில் திறந்தது. அவள் கேட்டாள்; அவன் காரணம் சொன்னான்; காரணம் பொய்த்தது. நம் நாட்டில் அந்த வாயில் எங்கே இருக்கிறது?

சட்டத்துறைத் தலைவர் வேறு, அரசு தரப்பு வழக்கறிஞர் வேறு என்று இரண்டு தொப்பிகளையும் பிரிக்கப் போவதாக 2022-க்குப் பின் அமைந்த அரசாங்கம் வாக்களித்தது. வேண்டியதுதான். இங்கிலாந்தில் எப்போதோ பிரித்துவிட்டனர். கென்யா 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பிரித்தது. தமிழ்நாட்டிலும் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் ஆளுநரால் நியமிக்கப்பட்டு, ஆட்சி மாறினால் தாமும் மாறுகிறார்; ஆனால் குற்றவியல் வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர் வேறொருவர். எனினும், பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம் சங்கங்கள் இப்போதே மாலை தொடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை. புதிதாக வருபவரை யார் நியமிப்பது என்பதிலேயே விவாதமெல்லாம் செலவாகிறது. அவர் யாரிடம், எப்போது, எழுத்தில் காரணம் சொல்வார்? கடுங்குற்றம் சாட்டிப் பின்னர் கைவிட்டால் அதன் காரணம் வெளியிடப்படுமா? முடிந்துபோன வழக்குகளைப் பற்றி, எதிர்க்கட்சியினரும் உள்ள ஒரு நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் ஆண்டுதோறும் வந்து அமர வேண்டுமா? குறிப்பிட்ட பதவிக்காலம் உண்டா, அல்லது இவரையும் ஒரு காலையில் வீட்டுக்கு அனுப்பலாமா? இந்த நான்கு கேள்விகளையும் நம்மவர் மேடையில் நான் இதுவரை கேட்டதில்லை. "இந்தியர் ஒருவரை நியமிக்க வேண்டும்" என்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

எங்கள் ரவாங்கிற்கு ஒரு பெருமை உண்டு. 1894-இல், தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் நடத்திய ஈயச் சுரங்கத்தில்தான் மலாயாவில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது என்பார்கள். அந்தத் தம்புசாமிப் பிள்ளை, டேவிட்சன் என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அவர் 1875-இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனபோது அவரோடு இங்கு வந்தவர். பத்துமலைக் கோயிலும் அவர் முயற்சியே. அதிகாரம் படைத்த வழக்கறிஞரின் அருகில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருந்தது புதிய செய்தியன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

லாரி ஓட்டும் நண்பருக்கு: உங்களிடம் அன்று சொல்லாததை எழுதிவிட்டேன். மேற்கண்ட நான்கு கேள்விகளையும் மலாய்மொழியில் ஒரு பக்கக் கடிதமாக்கியிருக்கிறேன். செலாயாங் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பலாம் என்பது எண்ணம். பள்ளியின் பெயரில் அன்று, தனிமனிதர்களாக. எழுத்தர் ஐயா அதில் இரண்டு இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தந்து, முதல் கையெழுத்தையும் போட்டுவிட்டார். "நம்ம ஆளு" வரி இல்லையே என்று மட்டும் கேட்டார். உங்கள் கையெழுத்துக்கு இரண்டாம் இடம் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிள்ளையை அழைத்துப்போக வரும்போது ஒரு பேனா கொண்டுவாருங்கள்; என்னுடையது சாயத்தில் விழுந்துவிட்டது.